சொல்லிக்கொள்ளாமல் போனவர்

வசந்தவனம் முதியோர் இல்லத்தில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் நிர்வாகம் அந்த ஓட்டையிலேயே நுழைந்து தப்பித்துக்கொள்ளும் என்பது வெள்ளியங்கிரியின் நாற்பது வருட அனுபவம். ஆகவே வரிசையாகவே சொல்வோம்.

முதலாவது, முந்தைய வருடம் தை மாதம், காலை ஆறு மணிக் காப்பி ஏழு மணிக்குத் தள்ளப்பட்டது. இரண்டாவது, அதே வருடம் மாசியில், கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று பின்பக்கத்துத் துணிக்கொடிகள் அறுக்கப்பட்டு, அறுபத்துச் சொச்சம் முதியவர்களின் ஈர வேட்டிகளும் சேலைகளும் குளியலறைக் குழாய்களில் தொங்கிப் புழுங்கின. மூன்றாவது, வைகாசியில், வரவேற்பறைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளில் ஒன்று நிறுத்தப்பட்டது. நின்றுபோனது வெள்ளியங்கிரி படிக்கிற பத்திரிகை. நான்காவது, ஆடியில், எண்பது வயது நிறைந்த கமலவேணி டீச்சரின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, "பாப்பாவுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டுக் கைதட்டினார்கள், ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் கிரீடத்தைக் கழற்றவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கேக் வெட்டினார். ஐந்தாவது, ஐப்பசியில் அந்தக் கமலவேணி டீச்சர் இறந்துபோனார். விடியுமுன் காய்கறி வண்டி வருகிற பின்வாசல் வழியாக அவரை அனுப்பிவிட்டு, காலைப் பலகாரத்துக்கு முன்பாகவே கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி, ஸ்க்ரூ இருந்த நான்கு துளைகளையும் வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, கேட்டவர்களிடம் "மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார்கள். டீச்சருக்கு மகளே கிடையாது. ஆறாவது, இந்த வருடம் பங்குனியில், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அந்தோணிசாமி, அதே பின்வாசல், அதே வெள்ளைச் சிமெண்ட், "செக்கப்புக்குப் போயிருக்கார்." ஏழாவது, வெள்ளியங்கிரி தன் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டது, இந்த ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், பி பதினான்காம் எண் வீட்டு ரங்கமன்னாரை அதே வழியில் அதே மாதிரி அனுப்பியது.

இந்த ஏழு அநியாயங்களுக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, ரங்கமன்னார் பொங்கல் சாப்பிட வந்தார்.

அவர் யார் என்பதைச் சொல்லாமல் வெள்ளியங்கிரி யார் என்பதைச் சொல்ல முடியாது. வெள்ளியங்கிரி எழுத்துக்கூட்டிப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லின் வாசலில்; சங்க நோட்டீஸ்தான் அவருக்கு அரிச்சுவடி, அவர் முதன்முதலாக முழுசாகத் தட்டுத்தடங்கலில்லாமல் வாசித்த வாக்கியம் 'நிர்வாகத்தின் அடாவடிப் போக்கைக் கண்டித்து' என்று தொடங்கியது. அந்த மில்லின் லேபர் ஆபீசர் ரங்கமன்னார். அவர் இவரை மூன்று முறை சஸ்பெண்ட் செய்தார், ஒரு முறை வேலையை விட்டே நீக்கினார், கோர்ட் உத்தரவோடு இவர் திரும்பி வந்தபோது எழுந்து நின்று "வாய்யா" என்றார். பிறகு மில் மூடிப்போய், இடிபட்டு, அங்கே நான்கு மாடித் துணிக்கடை வந்தது. சங்கம் இரண்டாக உடைந்து, மூன்றாக உடைந்து, சங்க ஆபீசில் ஜெராக்ஸ் கடை வந்தது. சிங்கப்பூரிலிருக்கும் மகள், "அப்பா, தனியா இருக்காதீங்க" என்று அழுது, தொண்டாமுத்தூர் ரோட்டிலிருக்கும் வசந்தவனத்தில் கொண்டுவந்து சேர்த்த முதல் நாள், உணவுக்கூடத்தில் தட்டோடு இடம் தேடிய வெள்ளியங்கிரிக்கு எதிர்ப்பட்ட ஒரே காலி நாற்காலி, ரங்கமன்னாருக்கு எதிரில் இருந்தது. நான்கு வருடம் அந்த மேஜையில், பழைய மில்லின் நூற்றுப் பதினோரு நாள் ஸ்டிரைக்கை அவர்கள் தினமும் திரும்ப நடத்தினார்கள். "நீ தோத்தேய்யா" என்பார் ஒருவர். "தோக்கலீங்க, ஒத்திவெச்சோம்" என்பார் மற்றவர். கொங்குநாட்டில் சண்டைக்கும் மரியாதை உண்டு. வெள்ளியங்கிரி அவரை ஒருநாளும் 'ங்க' போடாமல் திட்டியதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளியங்கிரி சி ஒன்பதாம் எண் வீட்டுத் தாத்தா. ஐயாயிரம் பேரை ஒரு விரலால் உட்கார வைத்த சங்கத் தலைவர் என்று அவரைப் பார்த்த கண்களில், உலகத்தில் இன்னும் மூடாமலிருந்தவை ரங்கமன்னாரின் ஒரு ஜோடிக் கண்கள்தான்.

அந்தக் கண்கள்தான் வியாழக்கிழமை காலையில் உணவுக்கூடத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தன. ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு அது, ரங்கமன்னாருக்குத் திறக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கதவருகே போய் நின்றாள், கதவு திறந்தது.

"வாங்க சார், பொங்கல் ஆறுது."

மின்மயானத்துக்கு உடுத்தி அனுப்பிய புது வேட்டியில், லேசாகச் சாம்பல் வாசத்தோடு அவர் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வெள்ளியங்கிரி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"ஏனுங்க ஆபீசர், நீங்க திங்கக்கிழமையே செத்துட்டீங்கல்லங்க?"

"ஆமாய்யா. அதுக்கென்ன?"

"அதுக்கொண்ணுமில்லீங்க. வந்திருக்கீங்களேன்னு கேட்டேன்."

"சொல்லிக்காமப் போக முடியுமா? ஒருத்தர் வீட்டுல அரை டம்ளர் காப்பி குடிச்சாலும், போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே படி இறங்குறோம்? எட்டு வருஷம் இருந்த இடம். நான் யாருக்கும் சொல்லல, எனக்கும் யாரும் சொல்லல. காய்கறிக் கூடைக்கு நடுவுல தூக்கிட்டுப் போயிட்டாங்க. பாதி வழி போனேன், மனசு ஒப்பல. திரும்பிட்டேன்."

"சாம்பார் ஊத்தட்டுங்களா சார், சட்னியே போதுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"ரெண்டும்தான்."

அவ்வளவுதான் நடந்தது. வசந்தவனம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வயதானவர்கள் மழையை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. முதலில் ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு துணி காய்கிறதா என்று பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சமையலறையில் அறுபத்து மூன்று பேருக்கு உலை வைப்பதா அறுபத்து நான்கு பேருக்கா என்ற கேள்விக்கு, ஒரு கைப்பிடி அரிசி கூடினால் யார் குடி முழுகும் என்று தெய்வாத்தாள் தீர்ப்புச் சொன்னாள். வாசல் காவலரின் பதிவேட்டில் ரங்கமன்னார் வெளியே போனதற்குக் குறிப்பு இருந்தது, உள்ளே வந்ததற்கு இல்லை; காவலர் நன்றாக யோசித்து, 'வெளியே போகவில்லை, எழுதியது பிழை' என்று பச்சை மையில் திருத்தினார். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் ரங்கமன்னாருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, படிவத்தில் சீராக உள்ளது, சீராக இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருந்தபடியால், இதைவிடச் சீரான நாடி யாருக்கு உண்டு என்று முதல் கட்டத்தில் டிக் போட்டார். சுலோசனாம்மா மறுநாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்கன்னா, கண்ணாடி பீரோ சாவிய எங்க வெச்சாருன்னு கொஞ்சம் கேளுங்க, பன்னெண்டு வருஷமா ஒடைக்க மனசு வரல" என்றார். "நான் இன்னும் போய்ச் சேரவே இல்லையேம்மா" என்றார் ரங்கமன்னார் சங்கடத்துடன். "சேர்ந்ததும் முதல் வேலையா விசாரிக்கிறேன்." அன்றிலிருந்து அதை ஞாபகப்படுத்துவதற்காகவே அந்த அம்மாள் தினமும் மாடியிலிருந்து இறங்கிவந்தார், அதுவரை அவர் இறங்கியதே இல்லை.

தூக்கம் இல்லாத மனிதருக்குப் பொழுது நீளம். ரங்கமன்னார் காலையில் நாற்காலி யோகா, பதினோரு மணிக்கு ஞாபகசக்தி விளையாட்டு, மாலையில் சிரிப்புப் பயிற்சி, வெள்ளிக்கிழமை பஜனை, ஞாயிற்றுக்கிழமை பழைய படம் என்று ஒன்று விடாமல் போனார். ஆனால் எந்தக் கதவும் அவருக்குத் திறக்காது. யாராவது ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அந்த ஒருவர் வந்ததற்கு உட்கார்ந்துவிட்டுப் போவார், போகும்போது ரங்கமன்னாரை வெளியே விட இன்னொருவர் வேண்டும். இன்று ஆபீசரைக் கூட்டிவர யார் முறை என்று மாடிப்படியில் பேச்சு எழுந்தது. வரப்பிடிக்காதவர்கள்கூட முறை வந்தபோது வந்தார்கள், வந்தவர்களோடு வம்பு பேசினார்கள், வம்பு பேச மறுநாளும் வந்தார்கள். எண்பது நாற்காலி போட்டிருந்த கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த காலம் போய், முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஏறியது.

மேனேஜர் பிரசன்னாவுக்குச் சிரிப்பு வாய்கொள்ளவில்லை. அவரை மோசமானவர் என்று சொல்வதற்கில்லை, பயந்தவர். இறப்பைச் சொன்னால் மற்றவர்கள் மனம் நொந்துபோகும் என்று தலைமை ஆபீசில் யாரோ எழுதிவைத்ததை வேதமாக நம்பியவர். செத்தவரே வந்து சிரிப்புப் பயிற்சியில் சிரிக்கும்போது, யார் மனமும் நோகவில்லை என்பதற்கு அதைவிட என்ன ருசு வேண்டும் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

இதற்கிடையில்தான் அஜிதா வந்து சேர்ந்தாள். இத்தனை ஏற்பாடு செய்தும் முதியவர்கள் ஏன் எதிலும் கலந்துகொள்வதில்லை என்று கண்டுபிடிக்க, தலைமை ஆபீஸ் முன்பே ஏற்பாடு செய்து அனுப்பிய ஆராய்ச்சிக்காரி. நாகர்கோவில்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. "கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க ஐயா. அதனால நான் கூட இருக்கேன், பாக்கேன்" என்றாள். ஒருவரோடு ஒரு நாள் முழுவதும் போவாள், வருவாள், உட்காருவாள். கண்டதையும் கேட்டதையும் ஒரு சீட்டுக்கு ஒன்றாக மஞ்சள் சீட்டில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டுவாள்.

வெள்ளியங்கிரிக்கு அவளைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. மில்லில் ஒரு காலத்தில் இப்படித்தான் கையில் ஸ்டாப்வாட்சோடு சிலர் வந்து, தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, இழை அறுந்தால் முடி போட எத்தனை விநாடி, மூக்கைச் சொறிய எத்தனை விநாடி என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஆளுக்கு இரண்டு மெஷின் கூடுதலாகத் தலையில் விழுந்தது.

"ஏனம்மிணி, ஸ்டாப்வாட்ச் எங்க?" என்றார் அவர் முதல் நாளே.

"அதெல்லாம் கிடையாது ஐயா."

"இருக்கும். இப்பத்திக்குப் பையில இருக்கும். நாங்க எத்தனை விநாடியில சிரிக்கிறோம்னு எழுதிட்டுப் போயிருவே, அப்பறம் இன்னும் வேகமாச் சிரிங்கன்னு சுத்தறிக்கை வரும்."

அவள் அதை அப்படியே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, அவருக்குக் காட்டிவிட்டுச் சுவரில் ஒட்டினாள். தன் வாக்கியம் ஒரு சொல் மாறாமல் சுவரில் ஏறியதை வெள்ளியங்கிரி இரண்டு முறை போய்ப் படித்தார். எழுத்துப்பிழை இல்லை. அதற்குப் பிறகு அவளிடம் கொஞ்சம் தணிந்தே பேசினார்.

ரங்கமன்னாரோடும் அவள் ஒரு நாள் இருந்தாள். அவர் இறந்தவர் என்று தெய்வாத்தாள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தெரிந்ததும் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "பட்டியல்ல அறுபத்து மூணு பேருதான் இருக்கு. ஆனா கேட்டா பதில் சொல்லுகாரு. பதில் சொல்லுகவரை நான் எப்படிக்கா விடுவேன்?" என்று அவருக்கு அறுபத்து நான்கு என்று எண் கொடுத்தாள்.

சுவரில் சீட்டு பெருகப் பெருக, தங்கள் மனத்தில் கிடப்பது மற்றவர் கையெழுத்தில் என்ன லட்சணமாக இருக்கிறது என்று படிக்க எல்லோரும் வந்தார்கள். 'பக்கத்து வீட்டில் யார் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அப்புறம் தேட வேண்டும்.' 'காலையில் எழுந்ததும் எதிர்க் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவேன்.' 'கூடத்துக்குப் போனால் பழக்கமாகிவிடும். பழகினவர் ஒருநாள் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.' 'செக்கப்புக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும், எந்த வாசல் வழியாகப் போகிறார் என்று ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.' யார் சொன்னது என்று எழுதவில்லை, எண் மட்டுமே இருந்தது. அஜிதா ஒருநாள் பிற்பகல் ஒத்த சீட்டுகளைப் பக்கம் பக்கமாக நகர்த்தி ஒட்டிக்கொண்டே போனாள். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு விதமாக, ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் வைக்கும் விளையாட்டில் குறையில்லை. சொல்லாமல் மறைந்துவிடுகிறவர்களோடு மனம்விட்டுப் பழக யாருக்கும் துணிச்சல் இல்லை.

இதைத்தானே வெள்ளியங்கிரி ஐந்தாவது அநியாயத்துக்குப் பிறகு ஒரு நோட்டீஸிலும் ஆறாவது அநியாயத்துக்குப் பிறகு இரண்டு நோட்டீஸிலும் கேட்டார்? இறந்தவரின் பெயரை எல்லோர் முன்பும் அறிவி, எழுந்து நிற்க விடு, முன்வாசல் வழியாக அனுப்பு. ஏழாவது அநியாயத்துக்குப் பிறகு புதன்கிழமை உட்கார்ந்து, அனல் பறக்க ஒரு நோட்டீஸ் எழுதி முடித்திருந்தார். வியாழக்கிழமை ரங்கமன்னார் பொங்கல் சாப்பிட வந்ததும், அதை நான்காக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். வைத்ததை எடுக்கவே இல்லை. வசந்தவனத்தில் செத்தவர் திரும்பி வந்ததைப் பற்றி ஒரு வாரம்தான் பேசினார்கள். வெள்ளியங்கிரி நோட்டீஸ் ஒட்டாததைப் பற்றி இரண்டு மாதம் பேசினார்கள்.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. ஒரு பிற்பகல் வேப்பமரத்தடி பெஞ்சில் ரங்கமன்னார் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்க ஆபீசர், கட்டெறும்பாட்டம் இருப்புக் கொள்ளலீங்களா?"

"உக்காந்தா உக்காந்த மாதிரி இல்லய்யா. படுத்தா படுத்த மாதிரி இல்ல. சாப்பிடுறேன், உப்பு தெரியல. ஷிப்ட் முடிஞ்சு, கை கால் கழுவி, சோத்துத் தூக்குப்போசிய எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னா, சங்கு ஊத மாட்டேங்குது. அந்த மாதிரி இருக்கு."

"ஓவர்டைம்னு நெனச்சுக்குங்க."

"ஓவர்டைம் கொடுத்த ஆளாய்யா நானு?"

இருவரும் சிரித்தார்கள். ரங்கமன்னாரின் சிரிப்பு இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது, கிணற்றில் தண்ணீருக்கு எட்டாத வாளி மாதிரி. சுலோசனாம்மா முதல் பலர் தனித்தனியாக வந்து அவரிடம் போயிட்டு வாங்க என்று சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அவர் அதற்கும் விதி வைத்திருந்தார்.

"தனியா வந்து சொன்னா அது விசாரிப்பு. நாலு பேர் முன்னால சொன்னாத்தான் அறிவிப்பு. ஏய்யா, உத்தரவ வாங்க மாட்டேன்னு தொழிலாளி கையக் கட்டிக்கிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

"ரெண்டு சாட்சிய வெச்சு, மூஞ்சிக்கு நேரா உரக்கப் படிப்பீங்க. படிச்சுட்டா கொடுத்த மாதிரி."

"உனக்கு எத்தனை தடவ படிச்சிருக்கேன்?"

"நாலு தடவைங்க."

"எனக்கு ஒரு தடவ படிக்க மாட்டியா?"

பழுத்த வேப்பிலை ஒன்று இருவருக்கும் நடுவில் விழுந்தது. வெள்ளியங்கிரி அதை எடுத்துக் கீழே போட்டார்.

"நான் எதுக்குங்க படிக்கோணும்? கொண்டுபோனது நிர்வாகம், நிர்வாகம் படிக்கட்டும். அவங்க வேலைய நாம செஞ்சா அது கருங்காலித்தனமுங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வாழ்நாளில் எத்தனையோ முறை கொள்கையைப் பேசியிருக்கிறார். அதன் பின்னால் ஒளிந்துகொண்டது அதுதான் முதல் முறை. கூடத்தில் அஜிதா சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நாற்பத்தொரு பேரு சொன்னத நீங்க முன்னாலயே நோட்டீஸா எழுதியிருக்கீங்கன்னு சொன்னாங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

"எழுதிக்க மாட்டேன்னாச் சொல்றேன்."

அவள் பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

"பேரப் படிச்சா அவரு போயிருவாரு அம்மிணி. எனக்கு மகள் இருக்குது, பேரன் இருக்குது, உங்களாட்டம் நல்லவங்க நாலு பேரு இருக்கறீங்க. எல்லாருக்கும் நான் ஒரு கிழவன். நான் யாருன்னு தெரிஞ்ச எதிரின்னு எனக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு ஆளுதான். அதையும் நானே வழியனுப்பி வைக்கோணுமா?"

 அவர் உட்கார்ந்திருந்த வரை அஜிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை ஆபீசிலிருந்து டைரக்டர் அம்மா வந்தார். பதினோரு மணிக்கு, எல்லோரும் இருக்கும்போது கூடத்தில் வைத்துத்தான் கண்டதைச் சொல்வேன் என்று அஜிதா பிடிவாதம் பிடித்திருந்தாள். பத்தரை மணிக்கு மேனேஜர் பிரசன்னா வியர்த்துக்கொண்டு வெள்ளியங்கிரியைத் தேடி வந்தார்.

"ஐயா, நீங்கதான் அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லணும். ஒன்பது பேர் ஐம்பத்தாறு ஆன கணக்கை மட்டும் காட்டினா போதும். அத விட்டுட்டு சாவு, அறிவிப்புன்னு எதுக்கு? சார் பாட்டுக்கு இருக்கார், யாருக்கு என்ன கஷ்டம்? அவர் இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நல்லதுதானே? உங்களுக்கும் அதுதானே விருப்பம்?" பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டு, அன்போடு, நிஜமாகவே அன்போடு, வெள்ளியங்கிரியின் தோளில் கைவைத்தார். "இந்த ஒரு விஷயத்துல நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி ஐயா."

லத்தி விழுந்த தோள் அது. மாலை விழுந்த தோளும் அதுதான். நிர்வாகத்தின் கை அதில் உரிமையோடு விழுந்தது எழுபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான். வெள்ளியங்கிரி அந்தக் கையையே பார்த்தார். மெதுவாக, ஒரு புழுவை எடுத்து இலையில் விடுவதுபோல, அதை எடுத்து மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தார்.

நேராகப் பி பதினான்காம் எண் வீட்டுக்குப் போனார்.

"ஆபீசர், நல்ல சட்டையா எடுத்துப் போடுங்க. கூட்டமிருக்குது."

"என்ன கூட்டம்யா?"

"உங்க கூட்டந்தானுங்க."

 ரங்கமன்னார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து, கைப் பித்தான் உட்பட ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, தலைவாரி, ஒரு சந்தேகம் கேட்டார். "ஸ்டிரைக் நோட்டீஸ் இல்லியே?"

"வாங்கங்க, பேசாம."

கூடத்தில் அறுபத்து நான்கு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், சமையலறை ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அஜிதா எண்ணிக்கையில் தொடங்கவில்லை. சுவரிலிருந்து சீட்டுகளைக் கிழித்து எடுத்து, ஒவ்வொன்றாக, தன்னுடைய சொல் எதையும் சேர்க்காமல் நாற்பத்தொன்றையும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க, தன்னுடையது வந்தபோது ஒவ்வொரு தலையும் கவிழ்ந்தது, அடுத்தவருடையது வந்தபோது நிமிர்ந்தது, அட, நீங்களுமா என்று பக்கத்து முகத்தைப் பார்த்தது. கடைசியாக ஒரு சீட்டு.

"இது அறுபத்து நாலாவது ஆளு சொன்னது. 'நான் போகத் தயார். யாராவது என் பெயரைச் சொன்னால் போதும்.'"

டைரக்டர் அம்மா பட்டியலைப் புரட்டினார். "அறுபத்து மூணு பேர்தானே இருக்காங்க? யார் அந்த அறுபத்து நாலு?"

மேனேஜர் பிரசன்னா எழுந்தார். இரண்டாவது வரிசையில் கஞ்சிச் சட்டையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார். "அப்படி யாரும் இல்லீங்க மேடம்."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்வாசலைப் பொறுத்துக்கொண்டவர்கள், வெள்ளைச் சிமெண்டைப் பொறுத்துக்கொண்டவர்கள், இதைப் பொறுக்கவில்லை. வெள்ளியங்கிரி எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, முன்னால் போய் நின்றார்.

"ஒரு அறிவிப்பு படிக்கோணும். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமுங்க."

முதலில் சுலோசனாம்மாவின் கை எழுந்தது. பிறகு நர்சின் கை, காவலரின் கை, பிறகு தூக்க முடிந்த தோள்கள் எல்லாம் தூக்கிய கைகள். தூக்க முடியாதவர்கள் கைத்தடியைத் தூக்கினார்கள்.

"எனக்குக் கைநாட்டுத்தானுங்க, பரவால்லீங்களா?" என்றாள் சுவரோரத்திலிருந்து தெய்வாத்தாள்.

"காதுதானுங்க வேணும்" என்றார் வெள்ளியங்கிரி.

டைரக்டர் அம்மாவும் என்னவென்று புரிந்தோ புரியாமலோ கையைத் தூக்கினார். அதைப் பார்த்து, கடைசியாக, மேனேஜர் பிரசன்னாவின் கை தோள் உயரத்துக்கு எழுந்து அங்கேயே நின்றது.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார். மைக்கைத் தள்ளி வைத்தார். ஐயாயிரம் பேருக்குக் கேட்ட அந்தப் பழைய குரல், எங்கே கிடந்ததோ, எழுந்து வந்தது.

"லேபர் ஆபீசர் ரங்கமன்னார்..." என்று தொடங்கினார். முப்பது வருடம் மில் வாசலில் அந்தப் பெயரைச் சொன்ன வாய்; அந்தப் பெயருக்குப் பின்னால் வேறு எந்தச் சொல்லையும் சொல்லிப் பழகாத வாய்; அவர் பிடித்து நிறுத்துவதற்குள் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஒழிக!"

 முதலில் சிரித்தது ரங்கமன்னார்தான். பாதியில் நிற்காமல், அடிவயிற்றிலிருந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரைப் பார்த்துச் சுலோசனாம்மா சிரிக்க, கூடம் முழுக்கச் சிரிக்க, சிரிப்புப் பயிற்சி ஆசிரியர் தன் ஆயுளில் கேட்டிராத சிரிப்பாக அது இருந்தது. வெள்ளியங்கிரி மட்டும் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, குற்றவாளிபோல நின்றார்.

"இது செல்லாது" என்றார் ரங்கமன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து. "தப்பாப் படிச்ச உத்தரவு செல்லாது. மறுபடி படி. நிதானமாப் படி. தகப்பனார் பேரும் ஊரும் சேத்துப் படி, வேற எந்த ரங்கமன்னாராவது பதறிப்போய் எந்திரிச்சுடப் போறான்."

"சரிங்க."

"எதுக்குய்யா அழுகிற? ஆபீசர் முன்னால அழுகிற சங்கத் தலைவர நான் பாத்ததே இல்ல."

"அழுகலீங்க. கண்புரைங்க."

"ஆபரேஷன் பண்ணிக்கோ."

பிறகு ரங்கமன்னார் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக, பெயரைச் சொல்லி, பெயர் தெரியாதவர்களிடம் பெயரைக் கேட்டுச் சொல்லி, கைகூப்பி, போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகராசனாப் போயிட்டு வாங்க என்றார்கள், பாத்துப் போங்க என்றார்கள், ஒருவர் பழக்கத்தில் சாயங்காலம் வந்துருவீங்களல்ல என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் வெள்ளியங்கிரியின் முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, உத்தரவு கேட்கும் தொழிலாளி மாதிரி நின்றார். அவர்கள் இருவரும் அப்படி எதிரெதிரே நின்றது அது ஐந்தாவது முறை. இடம் மாறி நின்றது அதுதான் முதல் முறை.

கூடம் எழுந்து நின்றது. எழ முடியாதவர்களை எழ முடிந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி மூச்சை இழுத்து, தொடைமேல் கையை ஊன்றி, ஒவ்வொரு சொல்லாக, பெயருக்குப் பின்னால் வேறொரு சொல்லும் வந்துவிடாதபடி பெயரைக் கடைசியில் வைத்து, சாட்சிகள் எல்லோரும் கேட்கப் படித்தார்:

"இங்க பி பதினாலாம் நெம்பர் வீட்டுல எட்டு வருஷம் நம்மளோட இருந்தவரு, ஆவணி மாசம் திங்கக்கிழமை விடியக்காலம் காலமானவரு, ஸ்ரீவில்லிபுத்தூர் வேங்கடசாமி மகன் ரங்கமன்னார்."